வாசகர் கேள்வி: புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கை வீக்கம்

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். ரேடியேஷனும் முடிந்தது. இப்போது மாலையானால் அந்தக் கை கனக்கிறது, வளையல் இறுகுகிறது. கையை அசைக்காமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். சரியா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: தவறு. கையின் நிணநீர் (திசுக்களில் ஊறும், புரதம் கலந்த நீர்) பெரும்பாலும் அக்குள் நெறிக்கட்டிகள் வழியாகத்தான் வடியும். அவற்றை எடுத்து, ரேடியேஷனும் கொடுத்த பிறகு வடிகால் குறுகிவிடுகிறது. மிச்சமிருக்கும் பாதையில் நீரைத் தள்ளுவது தசைகளின் அசைவுதான். கையை முடக்கினால் அதுவும் நின்றுபோகும். தேங்கிய நீர் நாள்பட்டால் நார்த்திசுவும் கொழுப்பும் சேர்ந்து கை கெட்டிப்பட்டுவிடும். மாலையில் மட்டும் கனக்கிறது என்றால் ஆரம்பக் கட்டமாக இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் சர்ஜனிடம் காட்டுங்கள். ரத்தக்கட்டாலோ, நோய் திரும்பி வந்தாலோகூடக் கை வீங்கலாம். திடீரென வீங்கி வலித்தால் அன்றே போங்கள்.

வீட்டில் இஞ்ச் டேப்பால் மணிக்கட்டிலும், முழங்கை மடிப்புக்கு 10 செ.மீ. மேலும் கீழும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு கையையும் ஒரே நேரத்தில், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் வீக்கம் என்று கொள்வது வழக்கம். ஆனால் வேலை செய்து பழகிய கை இயல்பிலேயே சற்றுப் பருமனாக இருக்கும் என்பதால், மாதாமாதம் அளவு ஏறுகிறதா என்பதே முக்கியம்.

கடையில் கிடைக்கும் க்ரீப் பேண்டேஜைச் சுற்றாதீர்கள். மேலே இறுகிவிட்டால் புறங்கை வீங்கும். பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துத் தரும் கம்ப்ரெஷன் ஸ்லீவ்தான் (கையை அழுத்திப் பிடிக்கும் எலாஸ்டிக் உறை) சரி; பெரும்பாலும் 20–30 மி.மீ. பாதரச அழுத்தம். காலையில் போட்டு, படுக்கும்போது கழற்ற வேண்டும். முழங்கையில் சுருங்கி மடிந்தால் அந்த இடமே கயிறு கட்டியதுபோல் அழுத்தும். ஆறு மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும், மாற்றுங்கள்.

பளு தூக்கவும் செய்யலாம். அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆய்வொன்றில், மேற்பார்வையோடு படிப்படியாகப் பளு தூக்கிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குங்கள்.

தோலில்தான் கூடுதல் கவனம் தேவை. அரிவாள்மனைக் கீறலோ, எண்ணெய்ச் சூடோ, சொறிந்த கொசுக்கடியோ, எதுவாயினும் சோப்பால் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் அது செல்லுலைட்டிஸ் எனும் தோல் தொற்றாக இருக்கலாம். அன்றே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்லீவும் மசாஜும் வேண்டாம். ஊசியும் பி.பி.யும் முடிந்தவரை மறு கையில். அவசரத்தில் ஒருமுறை இந்தக் கையில் பி.பி. பார்த்துவிட்டார்கள் என்று பயப்படத் தேவையில்லை.

கேள்வி: நீர் பிரியும் மாத்திரை உதவுமா? யானைக்கால் மாத்திரை?
– வாசகர், கடலூர்

பதில்: இரண்டும் இதற்கு உதவாது. நீர் மாத்திரை தண்ணீரை இழுக்கும், தேங்கிய புரதம் அங்கேயே இருக்கும். யானைக்கால் மாத்திரை கொசு பரப்பும் ஃபைலேரியா புழுவுக்கானது. இங்கே புழுவே இல்லை. ஆனால் யானைக்கால் உள்ளவர்களும் தினமும் சோப்பால் கழுவி, விரல் இடுக்கில் ஈரமின்றித் துடைக்க வேண்டும். காய்ச்சலோடு வரும் வீக்கம் அதனாலேயே குறையும்.