‘த்ரீ ஷீட்ஸ் டு த விண்ட்’ என்றால் குடிபோதை என்கிறார்களே, எப்படி?

நிற்கக்கூட முடியாத அளவுக்குக் குடித்திருப்பவரைத்தான் ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். ஷீட் என்றதும் படுக்கை விரிப்போ கப்பல் பாயோ என்று தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். மாலுமிகளின் பேச்சில் ஷீட் என்பது கயிறு! பாயின் கீழ்முனையில் கட்டி, இழுத்தும் தளர்த்தியும் காற்றைப் பிடிக்க வைக்கும் கயிறு. அது கைநழுவினால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், காற்று பிடிக்காது. மூன்று கயிறும் அவிழ்ந்துவிட்டால் கப்பல் சொன்ன பேச்சு கேட்காமல் தள்ளாடும். சுவரைப் பிடித்துக்கொண்டே கடையிலிருந்து வெளியே வருகிறவரின் நடை அப்படியே அதுதான்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இது அச்சில் வந்துவிட்டது. அப்போது ‘இன் த விண்ட்’ என்றே எழுதினார்கள். போதைக்கு அளவும் உண்டு: ஒரே ஒரு ஷீட் என்றால் லேசான கிறக்கம்தான்.