வல்லை வெளியும் ரைகரும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரொறன்ரோவில் இருந்தவரை, பனிக்காலத்தில் நாயோடு மரங்களுக்குள் நடப்பதுதான் எனக்கு ஆறுதல். இப்போது யாழ்ப்பாணத்து அச்சுவேலிக்கே திரும்பிவிட்டேன். விடிய ரைகரைக் கூட்டிக்கொண்டு பனங்கூடலாலும் தோட்டங்களுக்குள்ளாலும் களப்போரத்து வல்லை வெளிவரை போகிறேன். நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்துச் சனம் சிரிக்கிறது. வெளிக்குப் போனதும் அவிழ்த்துவிடுவேன். அவன் துரத்த, தண்ணீரில் நிற்கும் பறவைகள் எல்லாம் ஒன்றாக எழும்பும் அழகை என்னவென்று சொல்வது! நம் இலக்கியத்தில் ஏன் இப்படியொரு குளிர்கால நடை இல்லை?

– ஒரு வாசகர்

தம்பி,

இந்த மார்கழி முழுவதும் வல்லை வெளியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ரைகருக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று மட்டும் பாரும்.

இலக்கியத்தில் இல்லை என்கிறீர். வாடைக்காற்றில் உடுக்கத் துணியில்லாமல் கையால் மெய்யைப் பொத்திக்கொண்டு நின்ற சத்திமுத்தப் புலவர், வடக்கே போகும் நாரையிடம்தானே மனைவிக்குத் தூது சொன்னார்? அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு ஒப்பிட்டார். இப்போது நம் வீடுகளில் பாத்தி கிண்டி எடுக்கிற அதே கிழங்கு. குளிரில் நடுங்கிய மனிதன் பறவையோடு பேசினான். நீர் அதன் மேல் நாயை ஏவிவிட்டு அழகு என்கிறீர். கோபம் வருகிறது, தம்பி.

எழும்புகிற கூட்டம் எது என்று ஒருநாளாவது பார்த்தீரா? ஊசிவால் வாத்தும், கருவால் மூக்கனும், உள்ளான்களும் சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருகின்றன. இலங்கைக்குத் தெற்கே அந்தாட்டிக்காவரை கடல்தான். இதற்கு அப்பால் அவை எங்கே போவது? ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளி நிரம்பும். மார்கழி, தையில் தண்ணீர் ஆழம் குறைய, சேற்றில் புழுவும் நத்தையும் அலகுக்கு எட்டும். கோடை வந்தால் வற்றி உப்புப் படிந்துவிடும். அதற்குள் தின்று, உடம்பில் கொழுப்புச் சேர்த்து, பங்குனி, சித்திரையில் அத்தனை தூரமும் திரும்பிப் பறக்க வேண்டும். ரைகர் ஒருமுறை எழுப்பினால் சேர்த்ததில் கொஞ்சம் போய்விடும், தின்னும் நேரமும் போய்விடும். நாளைக்கும் எழுப்புவீர், மறுநாளும் எழுப்புவீர். மனிதர் கரையால் நடந்தால் அவை சற்று விலகி நின்று மேயும். நாயைக் கண்டால் அப்படி நிற்காது. அவை முட்டையிடும் வடக்கில் குஞ்சைத் தின்ன வருவது நரி. நாயும் அந்தச் சாதிதானே.

பறவைக்குத்தான் சுண்டிக்குளம் இருக்கிறதே என்று சொல்லாதேயும். அது 1938இல் சரணாலயமானது, 2015இல் தேசியப் பூங்காவும் ஆனது. நல்லது. ஆனால் பசித்த வாத்து இரை இருக்கும் இடத்தில்தான் இறங்கும்.

என் அப்பா நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சைக்கிளில் வேலைக்குப் போனவர். எங்கள் நாய் எத்தனை ஏசினாலும் பின்னாலேயே ஓடும். வல்லைப் பாலம் வந்ததும் இறங்கி, தோளில் கிடந்த சால்வையால் அதன் கழுத்தைக் கட்டி ஹாண்டிலில் முடிந்துகொள்வார். அந்த வெளிக் காற்றில் சைக்கிள் மிதிப்பதே பெரும்பாடு. அவரோ நாயையும் இழுத்துக்கொண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். ஏன் என்று கேட்டால், “பாவம், தூரத்திலிருந்து வந்ததுகள், தின்னட்டும்” என்பார். வேலைக்குப் பிந்தினாலும் அப்படித்தான்.

ரைகர் ஓட வேண்டும், அது எனக்கும் விளங்குகிறது. உமது வளவில் ஓடட்டும். அரிவு வெட்டு முடிந்த வயலில், சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு அவிழ்த்துவிடும். வல்லை வெளியில் மட்டும் சங்கிலியைக் கழற்றாதேயும், தண்ணீர் வற்றின பிறகும்தான். பங்குனி பிறந்தால் ஆட்காட்டி அங்கே வெறும் தரையில் முட்டையிடும். மண்ணின் நிறத்திலேயே கிடப்பதால் கிட்டப் போனாலும் தெரியாது.

அடுத்த கடிதத்தில் என்னென்ன பறவை கண்டீர் என்று எழுதும்.