ஒகவாங்கோ சஃபாரிக்கு பொண்ணோட எஃப்டிய உடைக்கலாமா?

கேள்வி: சார், வயசு 47, கோயம்புத்தூர்ல வேலை, பிடித்தம் போக கைக்கு 1,40,000 வருது. தீபாவளி போனஸ் 2 லட்சம் வரை கிடைக்கும். அடுத்த ஜூலைல எங்க 20வது கல்யாண நாள். ஆப்பிரிக்கால போட்ஸ்வானா நாட்டு ஒகவாங்கோ டெல்டா சஃபாரி கேம்ப்ல 4 நைட் தங்கணும்னு வீட்ல ரொம்ப நாள் ஆசை. ஆளுக்கு ஒரு நைட்டுக்கு 1,400 டாலர்னு கொட்டேஷன் அனுப்பியிருக்கேன் பாருங்க. பொண்ணு ப்ளஸ் டூ, அவ காலேஜுக்கு 9 லட்சம் எஃப்டில இருக்கு. அத உடைக்கவா, பர்சனல் லோன் போடவா?

பதில்: ரெண்டுமே வேணாம் சார். நீங்க ஜூலைல கேம்ப்ல உக்காந்திருக்கும்போதுதான் இங்க காலேஜ் ஃபீஸ் கட்டச்சொல்லி மெசேஜ் வரும், அந்த எஃப்டிய மறந்துடுங்க.

கணக்கு பாப்போம். ரெண்டு பேர், 4 நைட், 11,200 டாலர். டாலர் 90 ரூபாய்னு வெச்சாலே 10 லட்சத்த தாண்டுது, ஃபிளைட் தனி. டென்டுக்கு போயி இவ்ளோவான்னு கேக்காதீங்க, அங்க அரசாங்கமே கூட்டம் கம்மியா காசு ஜாஸ்தியான்னு பாலிசி வெச்சிருக்கு, பல கேம்ப்ல மொத்தமே பத்து பன்னெண்டு டென்ட்தான், அரிசி பருப்புல இருந்து ஆளுங்க வரைக்கும் முக்காவாசி குட்டி பிளேன்லதான் வந்து எறங்கணும்.

அதுலயும் ஜூலை உச்ச சீசன். அங்கோலா நாட்டு மேட்டுல பேயற மழைத்தண்ணி மாசக்கணக்கா மெதுவா நகந்து, சுத்தி எல்லாம் காஞ்சு கெடக்கற ஜூன்-ஆகஸ்ட்லதான் டெல்டாவுல ரொம்புது, மிருகமெல்லாம் தண்ணிய தேடி அங்கதான் வரும், ரேட்டும் அப்பதான் ஏறும். உங்க கொட்டேஷனோட கடைசி பக்கத்த பாத்தீங்களா? பொடி எழுத்துல ஜனவரி-பிப்ரவரி ரேட் 700 டாலர்னு போட்டிருக்கு. நேர் பாதி.

சும்மா பாதி இல்ல, அதையும் சொல்லிடறேன். அப்ப மழை வரும், புல்லு ஒசரமா நிக்கும், மிருகத்த தேடணும், தண்ணி கம்மியா இருந்தா மொகோரோ படகு சவாரி சில எடத்துல இருக்காது. ஆனா குட்டிங்க பொறக்கற சீசன், பறவைங்க ஏராளம். கல்யாண நாள் ஆறேழு மாசம் தள்ளிப்போனா யானை கோச்சுக்காது.

இப்ப லோனுக்கு வருவோம். 8 லட்சம், 14 சதவீதம், 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 27,340, வட்டி மட்டும் 1.84 லட்சம் போகும். இந்த இஎம்ஐ கட்ட முடியும்னு நெனச்சுதான கேட்டீங்க? அதே மாதிரி மாசம் 28,000 ஆர்டில போடுங்க, 18 மாசத்துல 5.04 லட்சம், வட்டி தனி. அதுக்கப்புறம் வர்ற ஜனவரி-பிப்ரவரில 5,600 டாலர் கேம்ப் செலவு கிட்டத்தட்ட அப்படியே சரியா போயிடும். ஃபிளைட்டு, மவுன்ங்கற ஊர்ல இருந்து கேம்ப்புக்கு குட்டி பிளேன், டிப்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் ரெண்டு தீபாவளி போனஸ்ல. டாலர் ஏறுனா அதுலயே சமாளிங்க.

கார்டுல தேய்க்காதீங்க, வெளிநாட்டு கரன்சிக்கு பேங்க் போடற கூடுதல் சார்ஜ் (மார்க்கப்) 3.5 சதவீதம்னா 5 லட்சத்துக்கு 17,500, அதுக்கு ஜிஎஸ்டி 3,150 வேற. ஏஜென்ட் முன்கூட்டியே பிடிக்கற வரி, அதான் டிசிஎஸ், அத பத்தி பயப்பட வேணாம், அதுக்குண்டான ஃபார்ம் குடுத்தா ஆபீஸ்லயே டிடிஎஸ்ல கழிச்சுக்குவாங்க, இல்லன்னா ரிட்டர்ன்ல வாங்கிக்கலாம். இன்சூரன்ஸ்ல ஏர் ஆம்புலன்ஸ் கவர் இருக்கான்னு பாருங்க, அங்க பல கேம்ப்புக்கு ரோடு இல்ல.

பெரிய டிராலி பெட்டி வாங்கிடாதீங்க, அந்த பிளேன்ல துணிப்பைதான், அதுவும் பொதுவா 20 கிலோ. டெபாசிட் கட்டறதுக்கு முன்னாடி கேன்சலேஷன் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புங்க, பாத்து சொல்றேன்.