மீன் சைவமான்னு அப்புறம் பாக்கலாம், கண்ணை மூடினா ஏன் தள்ளாடுது?

கேள்வி: வயசு 54, சேலம் கோரிமேடு. பரம்பரையா சைவம். ஒன்பது வருஷமா சுகருக்கு மெட்ஃபார்மின் போடறேன். வைட்டமின் பி12 கம்மியா இருக்கும், மீன் சாப்பிடுங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. மீன் சைவத்துல சேர்த்திதான், வங்காளத்துல பிராமணங்களே சாப்பிடறாங்கன்னு சொல்லி பையன் மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் குடுத்தான், நாலு மாசமா போடறேன். விரதம் கெட்டுப்போச்சா? மீனும் பாலும் சேர்ந்தா வெண்குஷ்டம் வருமா? மீன்ல பாதரசம் இருக்குன்னு வாட்ஸ்அப்ல வருது. நெஞ்செரிச்சலுக்கு தினம் காலைல பேன்டோபிரசோல் போடறேன். உள்ளங்கால் ரெண்டும் மரத்த மாதிரி இருக்கு, குளிக்கறப்ப கண்ணை மூடினா தள்ளாடுது. எங்கப்பாவுக்கு சுகர்னால கால் எடுத்தாங்க.

பதில்:

அம்மா, கடைசி ரெண்டு வரியைத்தான் நீங்க முதல்ல எழுதியிருக்கணும். உங்க பயம் மீனைப் பத்தி இல்ல, அப்பா மாதிரி உங்களுக்கும் கால் போயிருமோன்னுதான்.

அதுக்கு வர்றதுக்கு முன்னாடி மீனை முடிச்சிடறேன். மீன் அசைவம்தாங்க, அதுல பஞ்சாயத்தே இல்ல. பாக்கெட்ல பச்சைப் புள்ளி போடறதுக்கான விதியிலயே ஆத்து மீன், கடல் மீன், முட்டை எல்லாம் அசைவம்தான். வங்காளத்துல மீன் சாப்பிடற பிராமணங்க இருக்காங்க, அது அவங்க ஊர் வழக்கம், அதுக்காக மேட்டூர் டேம் கட்லா கத்திரிக்காய் ஆயிடுமா என்ன. மீன் மட்டும் சாப்பிடறவங்களை வெளிநாட்டுல பெஸ்கடேரியன்னு தனியாத்தான் சொல்றாங்க, வெஜிடேரியன்ல சேர்க்கறதில்ல. மீனும் பாலும் சேர்ந்தா வெண்குஷ்டம் வரும்ங்கறது கட்டுக்கதை. பாதரசம் சுறா மாதிரி பெரிய கடல் மீன்லதான் ஜாஸ்தி, அதுவும் முக்கியமா கர்ப்பமா இருக்கறவங்க பாத்து சாப்பிட வேண்டிய விஷயம், நீங்கதான் மீனே சாப்பிடலையே, அந்த ஃபார்வேர்டை டெலீட் பண்ணுங்க.

ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். மீன் எண்ணெய் மாத்திரைல இருக்கறது ஒமேகா3 கொழுப்பு. பி12 தண்ணில கரையற சத்து, மீனோட சதைல, ஈரல்ல இருக்கும், எண்ணெய்ல வராது. ஆக விரதத்தையும் விட்டுட்டீங்க, பி12ம் கிடைக்கல, நாலு மாசமும் போச்சு. யாரோ சொன்னாங்கன்னு மாத்திரை வாங்கறவங்களைப் பாத்தா எனக்கு கோவம் வர்றது இதனாலதான்.

இப்ப காலுக்கு வர்றேன். வெறும் மரமரப்புன்னா சுகர் நரம்புன்னு ஓரளவு நிதானமா பாக்கலாம். முகத்துல சோப்பு போட்டு கண்ணை மூடின உடனே தள்ளாடுது, ராத்திரி கரண்ட் போனா செவுத்தைப் பிடிச்சுத்தான் நடக்க முடியுதுன்னா அது வேற சங்கதி. நம்ம கால் எங்க இருக்குங்கற சேதி முதுகுத் தண்டுவடத்தோட பின்பக்கம் வழியாத்தான் மூளைக்குப் போகுது, அந்தப் பாதை கெட்டாலும் கண்ணு பாத்து சமாளிச்சிடும், அதனால பகல்ல ஒண்ணும் தெரியாது, கண்ணை மூடினதும் சாயம் வெளுத்துரும். சுகர் ரொம்ப முத்தினாலும் இப்படி ஆகலாம்தான், ஆனா ஒன்பது வருஷ மெட்ஃபார்மினும் தினம் ஒரு பேன்டோபிரசோலும் போடற சைவக்காரங்களுக்கு இது வந்தா என் சந்தேகம் முதல்ல பி12 மேலதான். மெட்ஃபார்மின் குடல்ல பி12 ஏறறதைக் குறைக்கும். சாப்பாட்டுல இருந்து பி12 பிரிஞ்சு வர்றதுக்கு வயித்து அமிலம் வேணும், அதை பேன்டோபிரசோல் அடக்கிடுது. ஈரல்ல சில வருஷத்துக்கான ஸ்டாக் இருக்கறதால இத்தனை நாள் தாக்குப் பிடிச்சிருக்கு.

இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்க, ஜிஎச் ஓபி போதும். அவர் டியூனிங் ஃபோர்க்னு ஒரு இரும்புக் கவையைத் தட்டி உங்க கால் கட்டைவிரல்லயும் கணுக்கால் எலும்புலயும் வைப்பாரு. நல்லா இருக்கற கால்ல விர்ருனு அதிரும், இந்தப் பிரச்சனை இருக்கறவங்க "சில்லுன்னு இருக்கு டாக்டர்"ம்பாங்க, அவ்வளவுதான், அதிர்வே தெரியாது. அப்புறம் ரத்தத்துல பி12 பாக்கணும். ஹீமோகுளோபின் 12 இருக்கு, எனக்கு ரத்த சோகை இல்லைன்னு திரும்பி வந்துராதீங்க, ரத்தம் நல்லா இருக்கறப்பவே நரம்பு கெட்டுப்போறது உண்டு.

அதுவரைக்கும் மெடிக்கல்ல போய் "நரம்பு சத்து மாத்திரை குடுங்க"ன்னு கேக்காதீங்க. அதுல பி12 இருந்தா ரத்த டெஸ்ட்ல அளவு ஏறிக் காட்டி எங்களைக் குழப்பும். வெறும் ஃபோலிக் ஆசிட்னா இன்னும் மோசம், ரத்த சோகையை சரி பண்ணிட்டு நரம்பு அரிக்கறதை அப்படியே விட்டுடும், உடம்பு தெளிஞ்ச மாதிரி தெரியும், கால் மட்டும் போய்க்கிட்டே இருக்கும். சுருள்பாசி (ஸ்பைருலினா) பவுடர்ல பி12 கொட்டிக் கிடக்குன்னு வீடியோ போடறாங்க, அதுல பெரும்பாலும் இருக்கறது உடம்புக்கு உதவாத போலி பி12. நீராகாரம் குடிங்க, வெயிலுக்கு நல்லது, ஆனா பி12க்கு அதை நம்பி வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீங்க.

குறைவுன்னு உறுதியானா ஊசிதான், முதல்ல அடிக்கடி, அப்புறம் இடைவெளி விட்டு. இதுல உங்க விரதத்துக்கு ஒரு பங்கமும் இல்ல. பி12ஐ ஆடு மாடு மீன் எதுவுமே தானா செய்யறதில்ல, பாக்டீரியாதான் செய்யுது, மருந்து கம்பெனியிலயும் பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கறாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா பெரும்பாலும் தேறிடும், ஆனா மாசக்கணக்கு ஆகும், வருஷக்கணக்கா விட்டா முழுசா திரும்பாது.

அப்பாவுக்கு கால் எடுத்தது மரத்துப்போனதுக்காக மட்டும் இருக்காது. பொதுவா மரத்த கால்ல ஒரு புண்ணு வரும், தெரியாது, சீழ் பிடிக்கும், ரத்த ஓட்டமும் கம்மியா இருந்தா ஆறாது, அப்பதான் எடுக்கற நிலைமை வரும். அதனால தினம் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடி வச்சு பாருங்க, இல்ல பையனைப் பாக்கச் சொல்லுங்க. சேர்வராயன் கோயிலுக்கு வேண்டுதல்னு செருப்பில்லாம மலையேறறதெல்லாம் இனி வேணாம்.

மெட்ஃபார்மினை பயந்துகிட்டு நீங்களா நிறுத்தாதீங்க, மாத்தணும்னா டாக்டர் மாத்துவாரு. அந்த பேன்டோபிரசோலை யார் எழுதிக் குடுத்தாங்க, எத்தனை நாளைக்குன்னு கண்டுபிடிச்சு வைங்க, போறப்ப மீன் எண்ணெய் டப்பா உட்பட எல்லா மாத்திரை அட்டையையும் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க. குளிக்கறப்ப ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உக்காந்து குளிங்க, பாத்ரூம் லைட்டை ராத்திரி அணைக்க வேணாம்.