அன்னா மன்யானி: எதைப் பார்ப்பது, எதிலிருந்து தொடங்குவது? (கேள்வி பதில்)

இத்தாலிய நடிகை அன்னா மன்யானியைப் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. படங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு முன்வரிசை. காதல் விவகாரம் கேட்டவர்கள் பின்னால் நிற்கட்டும்.

கேள்வி: மன்யானி படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ‘ரோம், திறந்த நகரம்’ படத்திலிருந்து ஆரம்பிக்கலாமா?

அதுதான் எல்லோரும் சொல்வது. நான் வேறு சொல்வேன். 1945இல் வந்த, இயக்குநர் ரோசெல்லினியின் அந்தப் படம் மகத்தானதுதான், சந்தேகமில்லை. ஆனால் மன்யானி நடித்த பீனா பாதிப் படத்திலேயே செத்துப்போகிறாள். அவருக்காகப் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு மிச்சப் பாதி அவரில்லாமல்தான் ஓடும்.

இயக்குநர் விஸ்கோந்தியின் ‘பெல்லிஸ்ஸிமா’விலிருந்து தொடங்குங்கள். 1951. ரோமில் வீடுவீடாகப் போய் ஊசி போட்டுச் சம்பாதிக்கும் மத்தலேனா (மன்யானி), தன் சின்ன மகளைச் சினிமாவில் சேர்க்கத் துடிக்கிறாள். சினெசித்தா ஸ்டூடியோவில் தேர்வு. நடனம், நடிப்பு, முடிவெட்டு, புதுக் கவுன் என்று காசு கரைகிறது. சிபாரிசு பிடித்துத் தருகிறேன் என்று ஒருத்தன் 50,000 லீரா வாங்கிக்கொண்டு தனக்கு லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வாங்கிவிடுகிறான். அது தெரிந்த பிறகு ஆற்றங்கரையில் இருவரும் பேசும் காட்சியை நிதானமாகப் பாருங்கள். அவன் மயக்கப் பார்க்கிறான். அவளுக்கு எல்லாம் புரிகிறது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மூன்றும் ஒரே சிரிப்பில் வந்துபோகும்.

அப்புறம் அந்தப் புரொஜெக்டர் அறை. குழந்தையின் தேர்வுக் காட்சியைப் போட்டுப் பார்த்து இயக்குநர் கூட்டம் விழுந்து விழுந்து சிரிப்பதை, சின்னச் சதுரத் துவாரம் வழியாக அம்மா பார்க்கிறாள். அந்த இயக்குநராக வருபவர் அலெஸ்ஸாந்த்ரோ பிளசெத்தி, நிஜ இயக்குநர், தானாகவே நடிக்கிறார். மன்யானி அதுவரை படம் முழுக்க மூச்சுவிடாமல் பேசியவர். இங்கே வாய் மூடுகிறது. முன்னால் அத்தனை பேச்சு இல்லாவிட்டால் இந்த மௌனத்துக்கு எடையே இருந்திருக்காது.

கேள்வி: லாரிக்குப் பின்னால் ஓடிச் சுடப்படும் காட்சியை யூட்யூபில் பார்த்தேன். ஏன் இவ்வளவு புகழ் என்று புரியவில்லை.

‘ரோம், திறந்த நகர’த்தில் பீனா சாகும் காட்சி. துண்டாகப் பார்த்தால் புரியாது. அன்று அவளுக்குக் கல்யாணம். வயிற்றில் குழந்தை. படியில் உட்கார்ந்து மாப்பிள்ளை பிரான்செஸ்கோவோடு தணிந்த குரலில் பேசிய காட்சி முந்தைய இரவுதான். இதெல்லாம் மனதில் ஏறிய பிறகு அந்த ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடுவதுதான் அடி. 1944 மார்ச்சில் ரோமில், பிடிபட்ட கணவரைப் பார்க்கப் போய் ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்ட தெரேசா குல்லாச்சே என்ற கர்ப்பிணியின் நினைவில் எழுதப்பட்ட காட்சி அது. தயவுசெய்து துண்டுகளைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: இங்கிரிட் பெர்க்மனால்தான் ரோசெல்லினி இவரை விட்டாரா?

ஆமாம். அடுத்தது.

கேள்வி: ‘அற்புதம்’ படத்தை அமெரிக்காவில் தடை செய்தார்களாமே?

‘லாமோரே’ என்ற 1948 படத்தின் இரண்டாம் பகுதி அது. ஆடு மேய்க்கும் அப்பாவிப் பெண் (மன்யானி) வழிப்போக்கன் ஒருவனைப் புனித சூசை என்று நம்புகிறாள். அவன் மது கொடுக்கிறான். பிறகு கர்ப்பம், ஊர் கேலி. அந்த வழிப்போக்கன் யார் தெரியுமா? தலைமுடிக்குச் சாயம் பூசிய ஃபெல்லினி, பின்னால் பெரிய இயக்குநரானவர்! நியூயார்க்கில் உரிமம் ரத்தானது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1952இல் சினிமாவுக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பு வந்தது. முதல் பகுதி, ழான் கொக்தோ நாடகம், ஒரு பெண்ணும் ஒரு தொலைபேசியும் மட்டும். எனக்கு அது கொஞ்சம் திகட்டும். பிடித்தவர்கள் நிறைய.

கேள்வி: மன்யானி நடிக்கவே இல்லை, தானாகவே இருந்தார் என்பதுதானே அவர் சிறப்பு? தெருவிலிருந்து வந்த பெண்ணின் இயல்பு?

இல்லவே இல்லை. நாடகப் பள்ளியில் படித்தவர். வருடக்கணக்காக ரெவ்யூ (பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த நிகழ்ச்சி) மேடையில் பாடி, கிண்டலடித்து, ஜனங்களின் கூச்சலுக்குப் பதில் கொடுத்துப் பழகியவர். யுத்த காலத்தில் நகைச்சுவை நடிகர் தோத்தோவோடு மேடை ஏறியவர். 1941இலேயே இயக்குநர் தெ சீக்காவின் ‘தெரேசா வெனெர்தி’யில் மேடைப் பாடகியாக வந்து சிரிக்க வைக்கிறார். ‘ரோம், திறந்த நகர’த்தில் பாதிரியாராக நடித்த ஆல்தோ ஃபாப்ரீத்சியும் அதே மேடைப் பின்னணிதான். ரோசெல்லினி தெருவில் யாரோ இரண்டு பேரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார் என்று நினைத்தால் படமே தப்பாகப் புரியும்.

அதே நண்பர்: நியோரியலிசம் (யுத்தத்தை ஒட்டி வந்த இத்தாலிய யதார்த்த சினிமா) என்றாலே தொழில்முறை நடிகர் வேண்டாம் என்பதுதானே சார்? ‘சைக்கிள் திருடர்கள்’?

அது ஒரு படம். எல்லாப் படத்துக்கும் அது சட்டம் இல்லை. ‘மம்மா ரோமா’வை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் பசோலினி தெருப்பையன்களை நடிக்க வைத்தார், நடுவில் மன்யானி. பின்னால் அவரே சொன்னார், இவரைத் தேர்ந்தெடுத்ததில் தனக்குத் திருப்தி இல்லை என்று. அசலாக ஒருத்தி வேண்டியிருந்தது, கிடைத்தது ஒரு நடிகை என்பது அவர் குறை. நீங்கள் ‘நடிக்கவில்லை’ என்கிறீர்கள், இயக்குநர் ‘நடிக்கிறாரே’ என்று புலம்புகிறார்.

இன்னொருவர்: அப்படியானால் ‘மம்மா ரோமா’ தோல்விதானே?

இயக்குநர் வருந்தினால் படம் தோற்றதாக ஆகுமா? ராத்திரித் தெருவில் அவர் பேசிக்கொண்டே நடக்கும் நீண்ட ஷாட் இருக்கிறதே, கேமரா பின்னால் நகர, விளக்குகள் புள்ளியாக எரிய, ஆட்கள் வந்து கொஞ்ச தூரம் கூட நடந்துவிட்டு இருட்டில் கரைகிறார்கள். அவர் பேச்சு அறுபடுவதில்லை. கதை சொல்கிறார், கலாய்க்கிறார், சிரிக்கிறார். அது அச்சு அசல் ரெவ்யூ மேடைத் திறமை. கூட வருகிற ஆள் மாறினாலும் தாளம் தப்பவில்லை. தெருவிலிருந்து யாரையாவது கூட்டிவந்து இதைச் செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம்.

முதல் நண்பர் மறுபடியும்: ஆனால் அந்தக் கோபம், அந்தக் கண்ணுக்குக் கீழ்க் கருவளையம், அதெல்லாம் நிஜம்தானே?

கருவளையம் நிஜம். சரி, உங்களுக்காக ஒன்று: 1953இல் ‘நாங்கள் பெண்கள்’ என்ற தொகுப்புப் படத்தில் விஸ்கோந்தி எடுத்த பகுதி. மன்யானி மன்யானியாகவே வருகிறார். மடியில் நாய்க்குட்டி, அதற்கு டாக்ஸிக்காரர் ஒரு லீரா கூடுதலாகக் கேட்கிறார். மடிநாய்க்குக் காசு கிடையாது என்று அந்த ஒரு லீராவுக்காக போலீஸ் வரை போய்ச் சண்டை. கடைசியில் தியேட்டருக்குப் போய், ஒன்றுமே நடக்காத மாதிரி மேடையில் நின்று பாடுகிறார். தன் கோபத்தையே ஒரு மேடை நிகழ்ச்சியாக வைத்திருந்தவர் அவர். இயல்பு என்று சொல்வது பாராட்டு மாதிரிதான் தெரிகிறது, ஆனால் உழைப்பைத் திருடிவிடுகிறது. இந்த விவாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ரோசெல்லினி, பெர்க்மன், மன்யானி முக்கோணம் பற்றி...

மேலே ஒரு வார்த்தையில் சொல்லியாயிற்று. படம் வேண்டுமானால்: பெர்க்மனோடு ரோசெல்லினி ஸ்த்ரோம்போலித் தீவில் படமெடுக்க, பக்கத்துத் தீவில் மன்யானி ‘வுல்கானோ’ எடுத்தார், இயக்கம் வில்லியம் டீட்டர்லே. சுமார் படம்.

கேள்வி: ஆங்கில டப்பிங்கில் பார்த்தால் போதுமா?

போதாது. பாதி நடிப்பு அந்த ரோமாபுரிக் குரலில் இருக்கிறது.

கேள்வி: இத்தாலியப் படங்களே பின்னால் டப்பிங் செய்தவைதானே? அப்புறம் எது அசல்?

நல்ல கேள்வி. உண்மைதான், ‘ரோம், திறந்த நகர’த்திலேயே குரல்கள் பின்னால் சேர்த்தவை. ஆனால் அவர் குரலை அவரே கொடுத்தார், அது போதும். ஒரு விதிவிலக்கு: பிரெஞ்சு இயக்குநர் ரெனுவாரின் ‘தங்க ரதம்’, 1952. அது ஆங்கிலத்தில் எடுத்தது, ரெனுவாருக்கும் அந்தப் பதிப்புதான் பிடித்தம். பெருவுக்கு வந்த இத்தாலிய நாடகக் குழு, மூன்று காதலர்கள், விவால்தியின் இசை, வண்ணம். மன்யானி நடிக்கும் கமில்லாவுக்கு மேடை எங்கே முடிகிறது, வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்பதுதான் படமே. மேலே சண்டை போட்ட நண்பர் முதலில் இதைப் பார்க்கட்டும்.

கேள்வி: ஆஸ்கர் வாங்கிய படம் எப்படி?

‘த ரோஸ் டாட்டூ’, 1955. டென்னஸி வில்லியம்ஸ் அந்த நாடகத்தை இவரை மனதில் வைத்தே எழுதினார். ஆங்கிலம் போதாது என்று பிராட்வேயில் மறுத்தவர், சினிமாவில் ஒத்துக்கொண்டார். மன்யானி அருமை. பர்ட் லங்காஸ்டர் வரும் காட்சிகளில் பொறுமை தேவை.

கேள்வி: சோபியா லோரனுக்கு ஆஸ்கர் தந்த ‘இரு பெண்கள்’ இவருக்கு வர வேண்டியதாமே?

தாயாக மன்யானி, மகளாக லோரன் என்பது முதல் திட்டம். லோரனுக்கு அம்மாவா என்று இவர் மறுத்தார். தெ சீக்கா லோரனையே தாயாக்கி, மகளைச் சிறுமியாக்கினார். அந்தக் கதைக்கு அதுவே நல்லது. மகள் சிறுமியாக இல்லாவிட்டால் தேவாலயக் காட்சியின் கொடூரம் அப்படி இறங்காது. யார் பெரியவர் என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

கேள்வி: யார் பெரிய நடிகை, லோரனா மன்யானியா?

அடுத்தது.

கேள்வி: சிரிக்க ஒரு படம்?

மோனிசெல்லியின் ‘ரிசாத்தே தி ஜோயா’, 1960. புத்தாண்டு இரவு, துணை நடிகை ஒருத்தி (மன்யானி), பழைய கூட்டாளி தோத்தோ, பிக்பாக்கெட்டாக பென் கஸாரா. தோத்தோவும் இவரும் சேர்ந்து பாடி ஆடும் இடத்தில் பழைய ரெவ்யூ அப்படியே எழுந்து வரும். ஏன் யாரும் பேசுவதில்லை என்று தெரியவில்லை.

கேள்வி: ‘மம்மா ரோமா’ கடைசிக் காட்சி மட்டும் யூட்யூபில் இருக்கிறது, பார்க்கலாமா?

கூடாது.

கேள்வி: முதலில் எந்தப் படம் பார்க்கலாம் சார்?

பெல்லிஸ்ஸிமா. முதல் பதிலைப் படியுங்கள்.