முன்பணமும் நிரந்தரமும்: ஒலிநூல் பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஒலிநூல்களைப் பற்றி நான் எழுதிய இரண்டு வரிப் பதில், தொண்டியிலிருந்து பாம்பன் வரை பல கடிதங்களை வரவழைத்துவிட்டது. அவற்றில் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கடலோடிகளின் வாழ்வைப் பற்றி நான் எழுதிய நாவலைச் சொந்தச் செலவில் 300 பிரதிகள் அச்சிட்டேன். ஓர் ஒலிநூல் செயலி நிறுவனத்தார், தயாரிப்புச் செலவு முழுவதையும் தாமே ஏற்பதாகவும் 15,000 ரூபாய் முன்பணம் தருவதாகவும் கூறி ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள். அதில், ‘உலகம் முழுவதும், எல்லா மொழிகளிலும், இன்று உள்ளனவும் இனி வரவிருப்பனவுமான எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக’ என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்திடலாமா, ஐயா?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், தொண்டி

பதில்: அந்த வரி அப்படியே இருக்கும்வரை வேண்டாம்.

வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய வல்லக்காரர் (நாட்டுப் படகுக்காரர்), பிடித்த நண்டையும் கணவாயையும் அவரிடமே போட்டாக வேண்டும் என்பதையும், அன்றைய ஏலத்தில் என்ன விலை போனாலும் தமக்குக் கிடைப்பது அவர் சொல்லும் விலைதான் என்பதையும் தொண்டிக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வல்லக்காரருக்குக்கூட ஒரு வழி உண்டு: கடனை அடைத்துவிட்டால் மறுநாளே மீனை வேறு கையில் கொடுக்கலாம். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வழியே கிடையாது. நாவலின் அச்சு உரிமை, திரைப்பட உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை எல்லாம் ‘எல்லா ஊடகங்களிலும்’ என்ற சொல்லுக்குள் போய்விடக்கூடும். அவர்கள் தயாரிக்கப்போவதோ ஒரே ஓர் ஒலிநூல்.

நமது பதிப்புரிமைச் சட்டம், 1957, இந்த இடத்தில் எழுத்தாளருக்குச் சாதகமாகவே இருக்கிறது. உரிமையைக் கொடுக்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் குறிக்கப்பட வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஆகவே அந்த வரி எழுதப்படாமலே விடப்பட்டிருந்தால் நீங்கள் பத்திரமாக இருந்திருப்பீர்கள். ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’ என்ற சொற்கள், சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் வேலியைப் பிடுங்குவதற்கென்றே எழுதப்பட்டவை. ‘இனி வரவிருப்பன’ என்ற சொல்லுக்கு அவர்கள் நினைக்கும் வலு இருக்குமா என்பதும் சந்தேகமே. ஒப்பந்தம் செய்த நாளில் இல்லாத, அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்தை ஒப்பந்தம் குறிப்பாகச் சுட்டியிருந்தால் ஒழிய, அந்த ஊடகத்துக்கு ஒப்பந்தம் செல்லாது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. இருந்தாலும், பின்னால் நீதிமன்றத்தில் வாதாடுவதைவிட இன்றைக்கே பேனாவால் அடித்துவிடுவது மலிவு.

தமிழ் ஒலிநூல் உரிமை மட்டும், மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டுக்கு, ஓராண்டுக்குள் வெளியிடாவிட்டால் உரிமை தங்களுக்கே திரும்ப வரும் என்ற நிபந்தனையோடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்பப்பட வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தார்களானால், அவர்கள் ஒலிநூலுக்காக மட்டும் வரவில்லை என்று புரிந்துகொள்ளலாம். முன்பணம் எவ்வளவு என்பது இதில் இரண்டாவது கேள்விதான்; 15,000 ரூபாய் அதிகமா குறைவா என்று யோசிப்பதில்தான் பெரும்பாலானவர்கள் பிந்தைய வரிகளைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: துபாயில் இருக்கும் என் மகன் மாதச் சந்தா கட்டுகிறான், வீட்டில் எல்லோரும் கேட்கிறோம். இந்தப் பணத்தில் எழுத்தாளருக்கு எவ்வளவு போகிறது?
– வாசகி, கீழக்கரை

பதில்: கேட்கும் செயலியைப் பொறுத்தது என்பதோடு, அந்தச் செயலி விகிதத்தை எப்போது மாற்றும் என்பதையும் பொறுத்தது. இத்துறையில் முதன்மையானது ஆடிபிள். 1995இல் தொடங்கப்பட்ட அதனை 2008இல் அமேசான் சுமார் 30 கோடி டாலருக்கு வாங்கியது. தனி எழுத்தாளர்கள் தாமே ஒலிநூல் வெளியிடுவதற்காக 2011இல் ஏசிஎக்ஸ் என்ற வாசலைத் திறந்தார்கள். நெடுங்காலம் அது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான். தொடக்கத்தில் ஆடிபிளுக்கு மட்டுமே என்று கொடுப்பவர்களுக்கு 50 சதவீதத்தில் தொடங்கி, விற்பனை ஏற ஏற 90 சதவீதம் வரை கிடைத்தது. எழுத்தாளர்கள் பெருமளவில் வந்து சேர்ந்த பிறகு, 2014இல் புதிய நூல்களுக்கு அது 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வேறு கடையிலும் விற்பேன் என்பவர்களுக்கு 25 ஆனது. அந்த 40ஐப் பெறுவதற்கு அப்போது ஏழாண்டுக் கட்டு இருந்தது. வாசிப்பவருக்கு ஊதியம் கொடுக்க முடியாமல் பாதிக்குப் பாதி என்று பேசிக்கொண்டால், ஆளுக்கு 20தான் கிடைத்தது.

இதைவிட என்னை உறுத்தியது திருப்பிக் கொடுக்கும் வசதி. முழு நூலையும் கேட்டு முடித்த பிறகும் உறுப்பினர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்க முடிந்தது. அந்தத் தொகை எழுத்தாளரின் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டது. கணக்குத்தாளிலோ விற்பனையில் திரும்பியவற்றைக் கழித்த மிச்சம் மட்டுமே காட்டப்பட்டதால், எத்தனை திரும்பின என்பது எழுத்தாளருக்குத் தெரியவில்லை. 2020இன் இறுதியில் ஒரு கணினிக் கோளாறால் கழிவுகள் வெளிப்பட, எழுத்தாளர் சங்கங்கள் குரல் எழுப்பின. 2021 முதல், வாங்கி ஏழு நாட்களுக்குப் பின் திருப்பப்படும் நூலுக்கு ராயல்டி கழிக்கப்படாது என்று மாற்றினார்கள்.

தாங்கள் எந்தச் செயலியில் கேட்டாலும், நூலை முடிவு வரை கேட்டு, பிடித்திருந்தால் அச்சுப் பிரதி ஒன்றையும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கிண்டிலில் நூல் போட்டால் 70 சதவீதம் தருகிறார்கள். அதே கதையை என் வலைப்பக்கத்திலும் வைக்கலாமா?
– இளம் எழுத்தாளர், தேவிபட்டினம்

பதில்: முழுக்கதையை வைக்க முடியாது. 2016 டிசம்பரில் தமிழுக்குத் திறக்கப்பட்ட, அமேசானின் அந்த மின்னூல் சேவையில், இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது. தங்கள் சொந்த வலைப்பக்கமும் அந்த ‘வேறெங்கும்’ என்பதில் அடங்கும். மாதிரிக்குப் பத்து சதவீதம் வைத்துக்கொள்ளலாம். அச்சு நூலுக்குத் தடையில்லை. 90 நாள் முடிந்ததும் தானாகவே நீண்டுவிடும் என்பதால் நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

கேள்வி: இந்த மின்தள நிறுவனங்களைத் தட்டிக்கேட்கச் சட்டம் இல்லையா?
– வாசகர், மண்டபம்

பதில்: இருக்கிறது. போட்டிச் சட்டம், 2002இன் 4ஆம் பிரிவு, பெரியவராக இருப்பதைக் குற்றமாகக் கொள்ளாது. பெரியவர் என்ற பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதையே தடுக்கிறது. மின்தளங்களுக்கென்று தனியாக ஒரு மசோதாவின் வரைவும் 2024 மார்ச்சில் வெளியிடப்பட்டது. ஆனால் வெளிநாட்டில் ஆடிபிளின் மனம் மாறியதில் ஓர் எழுத்தாளருக்கும் பங்குண்டு. அமெரிக்க நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் 2022இல் தம் வாசகர்களிடமிருந்தே கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தின் வழியாக நான்கு நாவல்களுக்கு 4 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். அவற்றின் ஒலிநூல்களை ஆடிபிளுக்குத் தர மறுத்து, எழுத்தாளருக்குத் தரும் பங்கு குறைவு என்ற காரணத்தையும் வெளிப்படையாக எழுதினார். 2024இல் ஆடிபிள் உயர்த்திய விகிதங்களை அறிவித்தது. அவருக்கு இருந்தது வாசகர்களிடம் நேரே போகும் வழி. முந்நூறு பிரதி விற்றவருக்கும் முந்நூறு வாசகர்களின் கைப்பேசி எண் இருந்தால், அளவில் சிறியது என்றாலும் அதே வழிதான்.

கேள்வி: கடலில் பாசி எடுக்கும் பெண்களின் அனுபவங்களைச் சிறுநூலாக எழுதியிருக்கிறேன். அதை என் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்கிறேன். என் தம்பி மகன், ‘எதற்கு அத்தை இந்தப் பாடு, கணினிக் குரலே வாசித்துவிடும்’ என்கிறான். எது சரி?
– வாசகி, பாம்பன்

பதில்: தங்கள் மருமகனிடம் ஒரு வாக்கியத்தைக் கணினிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்: ‘பாயை இறக்குங்க, பாய்.’ முதலில் வருவது வல்லத்தின் பாய். அடுத்தது கீழக்கரைப் பக்கம் மூத்தவரை அழைக்கும் பாய். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. தமிழில் வல்லினத்துக்கு மென்மையும் அழுத்தமும் காட்டத் தனி எழுத்து இல்லாததால், இடமறிந்து உச்சரிப்பது வாசிப்பவரின் பொறுப்பாகிறது. நான் சோதித்த குரல் இரண்டு முறையும் படகுப் பாயையே இறக்கியது. ‘மரிக்கொழுந்து’ என்று நீங்கள் சொல்லும்போது பாறையில் சுரண்டி எடுக்கும் பாசி நினைவுக்கு வரும். கணினிக் குரலில் அது பூக்கடை மரிக்கொழுந்துதான். தங்கள் குரலிலேயே செய்யுங்கள்.

தரம் பற்றிக் கவலை வேண்டும். ஏசிஎக்ஸ் போன்ற தளங்கள், பேச்சில்லாத இடத்தின் இரைச்சல் மைனஸ் 60 டெசிபெலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதத்தில் பாம்பனில் அது எளிதன்று. சன்னல் இல்லாத உள்ளறையில், சேலைகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து அதை நோக்கி அமர்ந்து வாசியுங்கள். நான் ஒருமுறை இரண்டு மணி நேரம் வாசித்து முடித்த பிறகே குளிர்சாதனப் பெட்டியின் முனகல் முழுவதிலும் பதிந்திருப்பதைக் கேட்டேன். மின்விசிறியோடு அதையும் நிறுத்துங்கள். திருத்தாத மூலக் கோப்பை இரண்டு இடங்களில் சேமித்து, எந்தத் தளத்திற்கும் அதன் நகலை மட்டும் கொடுங்கள். நூலின் பின்னட்டையில் ஒரு க்யூஆர் குறியீடு அச்சிட்டால், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் தங்களிடமே நேரடியாக வாங்கிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு நாளும் வாசிப்பைத் தொடங்குமுன் ஒரு நிமிடம் எதுவும் பேசாமல் பதிவை ஓடவிட்டு, காதில் மாட்டிக் கேளுங்கள். பக்கத்து வீட்டு மிக்சியோ கூரை ஓலையின் சலசலப்போ கேட்டால், அன்றைக்குப் பதிவு வேண்டாம்.