வெட்டரிவாளின் கூர் எவ்வளவு தாங்கும்?

கேள்வி: லாரி பட்டையில் (லாரியின் ஸ்பிரிங் தகட்டில்) அடித்த பெரிய வெட்டரிவாள் புதிதாக வாங்கியிருக்கிறேன். காய்ந்த புளிய மரக் கட்டையில் வெட்டிப் பார்த்தால் தரம் தெரிந்துவிடுமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: தெரியும், ஆனால் வெட்டும் இடத்தைப் பார்த்து வெட்டுங்கள். கணு இருக்கிற இடத்தில் ஓங்கிப் போட்டால் நல்ல அரிவாளும் பல் விழும், அதை வைத்து இரும்பைக் குறை சொல்லக் கூடாது. நேரான நார் உள்ள கட்டையில் சாய்வாக, அரிவாளைத் திருகாமல் வெட்டுங்கள். முதலில் ஒரு செய்தித்தாளை அறுத்துப் பார்த்துவிட்டு, இருபது வெட்டுக்குப் பிறகு மறுபடி அறுங்கள். எந்த இடத்தில் தாள் கிழிகிறதோ அங்கே கூர் போயிருக்கிறது. அப்புறம் அரிவாளின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கூரான வாய் மின்னாது, மழுங்கினதும் மடங்கினதும் வெள்ளைக் கோடாகப் பளிச்சிடும்.

வாய் மடங்கினால் இரும்பு மெத்து. பெயர்ந்து விழுந்தால் தோய்ச்சல் (காய்ச்சிய இரும்பை முக்கி இறுக்குவது) கடினமாகிவிட்டது, இல்லையென்றால் வாயை அளவுக்கு மீறி மெலிதாகத் தீட்டிவிட்டார்கள். வாழை, கரும்புக்கு மெல்லிய வாய் சரி. புளி, கருவேலத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 40 டிகிரிக்குக் குறையாத கோணம் வேண்டும்.

ஒரே சோதனையில் முடிவுகட்டி அரிவாளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மெஷினில் சாணை பிடிக்கும்போது வாய் சூடேறி நீலம் பாய்ந்திருந்தால், அங்கே சூடு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டு வாயின் நுனி மட்டும் மெத்தாகியிருக்கும். தண்ணீர் விட்டுக் கல்லில் நாலைந்து முறை தீட்டி அதைக் கழித்துவிட்டு, மறுபடி அதே கட்டையில் வெட்டிப் பாருங்கள்.